முதல் போர் விமான மாடல்: ஸ்பிட்ஃபயரா, ஹரிகேனா, ஸீரோவா, மஸ்டாங்கா?

அக்கா மகன் மதுரையிலிருந்து போன் செய்தான். பிளஸ் டூ தேர்வு முடிந்துவிட்டது, லீவில் இரண்டாம் உலகப் போர் விமானம் ஒன்றை மாடலாகச் செய்ய வேண்டுமாம். "மாமா, மஸ்டாங் வாங்கிரட்டுமா? வெள்ளி கணக்கா பளபளன்னு இருக்கு" என்றான். "அது இப்ப வேண்டாம்டா, கொஞ்சம் பொறு" என்றேன். ஏன் வேண்டாம் என்று போனில் சொன்ன காரணம் அவனுக்குப் போதவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவனைப் போல முதல் பெட்டியை வாங்கப்போகும் வேறு யாருக்காவது உதவும்.

நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் வரிசை இது: முதலில் பிடித்த விமானம், பிறகு கம்பெனி, பிறகு அளவு, கடைசியில் வண்ணம். நானும் அப்படித்தான் பல வருடம் வாங்கினேன். இப்போது அந்த வரிசையைத் தலைகீழாக வைக்கச் சொல்வேன். ஒட்டும் வேலை எந்த விமானத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காக்பிட்டை உள்ளே வைத்து உடலின் இரண்டு பாதிகளைச் சேர்க்கிறோம், இறக்கை, வால், கால் வைக்கிறோம், இடைவெளியில் புட்டி அடைத்து உப்புத்தாளால் தேய்க்கிறோம். வண்ணம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு வித்தை கேட்கும். ஒரு மாடல் அலமாரிக்குப் போவதும் அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொள்வதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. ஆகவே உங்கள் கையில் இருப்பது பிரஷ்ஷா, ஸ்ப்ரே கேனா, ஏர்பிரஷ்ஷா (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் பேனா போன்ற கருவி) என்று முதலில் பாருங்கள். அதற்கு ஒத்துவரும் விமானத்தைப் பிறகு தேடலாம்.

ஸ்பிட்ஃபயர்: பிரஷ் மட்டும் இருப்பவருக்கு

1936 மார்ச் 5 அன்று இங்கிலாந்தின் ஈஸ்ட்லியில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் விமானம். எல்லா வகையும் சேர்த்து 20,000க்கும் மேல் தயாரித்தார்கள். எந்த மாடல் கடையிலும் இது இல்லாமல் இருக்காது. நான் இதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் புகழ் அல்ல. 1940 கோடையில் பிரிட்டன் வானில் பறந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் மேல்பக்கம் இரண்டே நிறம்: மண் பழுப்பு, கரும்பச்சை. இரண்டும் அலை அலையாகப் பெரிய திட்டுகளாக இருக்கும். அடிப்பக்கம் முழுவதும் 'ஸ்கை' என்று பெயர் கொடுத்த, பச்சை சாயல் கொண்ட வெளிர் நிறம்.

இந்தத் திட்டுகள் பிரஷ்காரருக்கு இரண்டு வகையில் துணை. ஒன்று, பெரிய பரப்பு சின்னச் சின்னத் துண்டுகளாக உடைந்துவிடுகிறது. 1/72 அளவில், அதாவது அசலில் 72-இல் ஒரு பங்கில், ஒரு திட்டு உங்கள் கட்டைவிரல் அகலம்தான் வரும். அவ்வளவு இடத்தை பிரஷ் காய்வதற்குள் மூடிவிடலாம், தடம் நீளமாக ஓடாது. இன்னொன்று, இரண்டு நிறமும் சேரும் விளிம்பு. அசல் விமானத்தில் அந்த விளிம்பு 2.5 செ.மீ. அகலத்துக்கு மங்கியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். 1/72-இல் அது மூன்றில் ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குக் கூர்மையான கோடாகத்தான் தெரியும். அதாவது பிரஷ் எதை இயல்பாகச் செய்யுமோ, அதுவே இந்த அளவில் சரியான தோற்றம். பென்சிலால் லேசாக எல்லையை வரைந்து, ஓரத்தை நுனி பிரஷ்ஷால் கட்டி, நடுவைத் தட்டை பிரஷ்ஷால் நிரப்பினால் போதும்.

வெளிர் நிறத்தில்தான் பிரஷ் தடம் அதிகம் தெரியும். ஸ்பிட்ஃபயரில் அந்த வெளிர் நிறம் அடியில் இருக்கிறது. அலமாரியில் வைத்தபின் அதை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

கேனோபியும், அதாவது விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூடும், எளிது. முன்கண்ணாடி, நடுவில் உப்பிய மூடி, பின்னால் ஒரு துண்டு. சட்டங்கள் மிகக் குறைவு. முதல் மாடல் கெட்டுப்போவது பெரும்பாலும் கேனோபியில்தான் என்பதால் இதை நான் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

குறை என்றால் கால்கள். அசலிலேயே சக்கரங்கள் நெருங்கி நிற்கும், மாடலில் அந்தக் கோணத்தைப் பிடிப்பது கஷ்டம். ஒன்று அரை டிகிரி சாய்ந்தாலும் இறக்கை ஒருபக்கம் தாழும். பசை இறுகும்வரை எதிரே கண்மட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கால்களை மடக்கிய நிலையில் செய்ய மூடிய கதவுகளையும் பல பெட்டிகளில் தருகிறார்கள். முதல் மாடலுக்கு அப்படிச் செய்து ஒரு தாங்கியில் நிறுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. பறக்கும்போதுதான் அந்த இறக்கையின் வளைவு அழகு.

வாங்கும்போது தேதியைக் கவனியுங்கள். 1940 ஜூன் வரை அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பிறகுதான் ஸ்கை வந்தது. இறக்கைக்கு அடியில் விமானப்படையின் வட்டச் சின்னம் மீண்டும் வந்தது ஆகஸ்டில். வாலுக்கு முன்னால் வெளிர் பட்டையும் அதே நிற மூக்கும் அந்த ஆண்டுக் கடைசியில். 1941 ஆகஸ்டில் மண் பழுப்பே போய்ச் சாம்பல் வந்துவிட்டது. பெட்டியில் உள்ள டீக்கால் (சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட ஒட்டுப்படம்) எந்த மாதத்து விமானத்துக்கு என்று பார்த்து அந்த மாதத்தின் வண்ணத்தை அடியுங்கள். படையின் எழுத்துகள் ஒரு மாதத்தையும் பட்டை இன்னொரு மாதத்தையும் சொன்னால், விஷயம் தெரிந்தவர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்க்வாட்ரன்களுக்கு (விமானப் பிரிவுகளுக்கு), போர் நிதி கொடுத்ததை ஒட்டி 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயர் இருந்தது. இதில் 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டியது, உடலில் ஏஇசட் என்ற எழுத்துகள். அந்த எழுத்துகளைத் தனி டீக்கால் தாளில் வாங்கி ஒட்டலாம். நான் செய்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் கையில் எடுத்துக் கேட்கும் ஒரே விமானம் அதுதான்.

ஹரிகேன்: கிட்டத்தட்ட சமம், இரண்டு வித்தியாசம்

1935 நவம்பர் 6 அன்று பறந்தது, ஸ்பிட்ஃபயருக்கு நான்கு மாதம் மூத்தது. 1940-இல் வண்ணத் திட்டம் அதேதான். ஆனால் காக்பிட்டுக்குப் பின்னால் உடல் முழுவதும் உலோகத் தகடு கிடையாது: உலோகக் குழாய்ச் சட்டம், அதன்மேல் நீளவாக்கில் மரக் கம்பிகள், அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணி. மாடலிலும் அந்த மரக் கம்பிகளின் மேடும் துணியின் பள்ளமும் தெரியும். துணியின் மந்தமான தோற்றத்துக்கு பிரஷ் வண்ணம் பொருந்திப் போகிறது. மேடுகளில் சற்று வெளிறிய பழுப்பை உலர் பிரஷ்ஷால் (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால்) தடவினால் போதும், அது துணி என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். சக்கரங்கள் அகலமாக விலகி நிற்பதால் நிறுத்துவதும் சுலபம்.

எதிராக இருப்பது கேனோபி. நகரும் மூடி முழுக்கச் சட்டம் சட்டமாக, சிறு ஜன்னல்களாகப் பிரிந்திருக்கும். கையால் அடிப்பதற்குப் பொறுமை வேண்டும், அல்லது வண்ணம் படக்கூடாத கண்ணாடியை மூட, அளவாக வெட்டித் தரும் மாஸ்கிங் ஸ்டிக்கர் தனியாக வாங்க வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஹரிகேனை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன்.

ஸீரோ: ஒரே நிறம், அதனாலேயே சுலபமில்லை

மிட்சுபிஷி ஏ6எம்2. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 1940 என்பது 2600. அதன் கடைசிச் சுழியிலிருந்து வந்த பெயர் ஸீரோ. போரின் தொடக்க ஆண்டுகளில் கப்பலிலிருந்து எழும்பிய ஸீரோக்கள் மேலும் கீழும் ஒரே வெளிர் சாம்பல், அதில் பச்சையும் பழுப்பும் லேசாகக் கலந்திருக்கும். சரியான சாயல் எது என்று மாடல் செய்பவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எஞ்சின் மூடி கறுப்பு, இறக்கையில் சிவப்பு வட்டம்.

ஒரே நிறம்தானே, தொடங்குபவருக்கு ஏற்றது என்று பலரும் சொல்வார்கள். பிரஷ் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. 16 செ.மீ.க்கும் மேல் நீளும் வெளிர் நிற இறக்கை, இடையில் திட்டு எதுவும் கிடையாது. ஒவ்வொரு பிரஷ் தடமும் ஜன்னல் வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். கேனோபியோ ஹரிகேனைவிட நீளம், சட்டங்களும் அதிகம்.

ஸ்ப்ரே கேன் கையில் இருந்தால் கதை மாறிவிடும். தமியாவின் ஏஎஸ்-29 இந்த ஜப்பானியக் கடற்படைச் சாம்பலுக்கென்றே வரும் கேன். எஞ்சின் மூடியைத் தனியாக வைத்துவிட்டு, முழு விமானத்தையும் ஒரே சாயங்காலத்தில் மெல்லிய மூன்று பூச்சில் (கோட்) முடித்துவிடலாம். தடமே இல்லாமல் வழவழவென்று வரும். ஸ்ப்ரே கேனுக்கு இதைவிடப் பொருத்தமான போர் விமானம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மழைக்காலத்தில் வேண்டாம். ஐப்பசி அடைமழையில், சென்னை வீட்டு மொட்டைமாடிப் படிக்கட்டில் நின்று என் முதல் ஸீரோவுக்கு அடித்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பத்து நிமிடத்தில் இறக்கை முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. கேனில் வருவது லேக்கர் என்ற வகை வண்ணம், அதில் உள்ள தின்னர் (வண்ணத்தைக் கரைக்கும் திரவம்) வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. காரணம் அதுதான். அன்று எனக்கு அது தெரியாது, கேன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வெயில் நாளில் அதே கேனால் மெல்லியதாக ஒரு கோட் அடித்ததும் வெளுப்பு மறைந்தது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்குமேல் அடியுங்கள்.

ஹரிகேனையும் ஸீரோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க நமக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிகேன்கள் எழும்பி அவற்றை எதிர்த்தன. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, அதே சண்டை திருகோணமலை வானில் நடந்தது. சீனக்குடாவிலிருந்து 261 ஸ்க்வாட்ரனின் ஹரிகேன்கள் போயின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. இந்த இரண்டு மாடலையும் ஒரே பலகையில் நிறுத்தினால் அது நமக்கு அண்டையில் நடந்த வரலாறு.

மெஸ்ஸர்ஷ்மிட் 109

ஜெர்மனியின் இந்தப் போர் விமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்பிரஷ் இல்லையென்றால் இது வேண்டாம். 1940-இல் இதன் பக்கங்கள் வெளிர் நீலம், அதன்மேல் புகை படிந்ததுபோல் சாம்பல் பச்சைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு விளிம்பே கிடையாது, கரைந்து போகும். பிரஷ்ஷால் வைத்தால் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றிக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள், அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். ஏர்பிரஷ் வாங்கியவர்களுக்கோ இதைவிட நல்ல பயிற்சி இல்லை. காற்றழுத்தத்தைக் குறைத்து, வண்ணத்தை நீர்த்து, ஏர்பிரஷ்ஷின் மூக்கை ஒரு செ.மீ. தூரத்தில் வைத்துப் புள்ளி போடப் பழகிவிட்டால் கை எப்போதும் மறக்காது.

மஸ்டாங்: ஏன் வேண்டாம் என்றேன்

மஸ்டாங்கின் பி-51டி வகையில் தெரியும் பளபளப்பு வண்ணமே இல்லாத அலுமினியத் தகட்டின் பளபளப்பு. மாடலில் அதை வண்ணத்தால் காட்ட வேண்டும். வெள்ளி வண்ணம் எதையும் மறைக்காது. பழுப்பும் பச்சையும் மந்தமானவை, 400ஆம் எண் உப்புத்தாளின் கீறலைக்கூட விழுங்கிவிடும். வெள்ளி அடித்த மறுநிமிடம் ஒவ்வொரு கீறலும், உடலின் இரண்டு பாதி சேர்ந்த கோடும், விரல்ரேகையும், பசைத் துளியும் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்படி வெளியே வந்துவிடும். நல்ல உலோகத் தோற்றம் தரும் வண்ணங்களை ஏர்பிரஷ்ஷால், பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சின்மேல், மிக மெல்லியதாக அடிக்க வேண்டும். அந்தக் கறுப்பு கண்ணாடி மாதிரி இருந்தால்தான் மேலே வெள்ளி உலோகமாகத் தெரியும்.

அதோடு அசலைத் தெரிந்தவர் வேறொன்றும் கேட்பார். காற்று இறக்கையில் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே மஸ்டாங் இறக்கையின் முன்பகுதியில் ரிவெட்டுகளையும் தகட்டு இணைப்புகளையும் புட்டியால் அடைத்து, மேலே வெள்ளி வண்ணம் அடித்தார்கள். அதாவது உடல் வெறும் உலோகம், இறக்கை வெள்ளி வண்ணம். இரண்டு வெள்ளியும் ஒன்றாக இருக்கக்கூடாது. மாடலில் இறக்கைக் கோடுகளை அடைத்துத் தேய்க்கவும் வேண்டும். இதையெல்லாம் நான்காவது, ஐந்தாவது மாடலில் ரசித்துச் செய்யலாம். முதல் மாடலில் பையன் மனம் உடைந்துவிடும்.

1/72, 1/48, 1/32

1/72 என்பது ஒரு அங்குலத்துக்கு ஆறு அடி. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காக, பள்ளி மாணவர்களைக் கொண்டு மரத்தில் செய்யவைத்த கறுப்பு மாதிரிகளும் இதே அளவுதான். 1/48 ஒரு அங்குலத்துக்கு நான்கு அடி. 11.23 மீட்டர் இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் 1/72-இல் 156 மி.மீ., 1/48-இல் 234 மி.மீ., 1/32-இல் 351 மி.மீ. அகலம் வரும்.

அகலத்தில் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். வண்ணம் அடிக்கும் பரப்போ 2.25 மடங்கு. அதனால் பிரஷ்காரருக்கு 1/72 லாபம்: திட்டுகள் சிறிது, வண்ணம் குறைவு, தவறு சிறிது. காக்பிட்டுக்குள் நிறைய வேலை செய்ய ஆசைப்படுபவருக்கும், கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் நாற்பது தாண்டியவர்களுக்கும் 1/48 நிம்மதி. இப்போது நான் பெரும்பாலும் 1/48 செய்கிறேன், கண்தான் காரணம். 1/32 வாங்குமுன் அலமாரியை அளந்து பாருங்கள்.

கம்பெனி விஷயத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஏர்ஃபிக்ஸ் 1/72 பெட்டிகளில் பாகங்கள் குறைவு, தகட்டுக் கோடுகள் கொஞ்சம் ஆழமாகவும் அகலமாகவும் இருக்கும். கோடு அகலம் என்று விமர்சிப்பவர்கள் உண்டு. கையால் அடிப்பவருக்கு அது வரம், ஏனென்றால் மூன்று நான்கு கோட் பிரஷ் வண்ணத்துக்குப் பிறகும் அந்தக் கோடு உயிரோடு இருக்கும். தமியா 2018-இல் கொண்டுவந்த 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 பசை வைக்காமலே கையில் நிற்கும், அவ்வளவு பொருத்தம். செக் நாட்டு எடுவார்ட் 2020-இல் கொண்டுவந்ததில் ஒவ்வொரு ரிவெட்டும் ஊசி முனையாகக் குத்தியிருக்கும். அதன்மேல் பிரஷ்ஷால் தடிமனாக அடித்தால் காசு கொடுத்து வாங்கிய அந்த நுணுக்கமெல்லாம் மூடிப்போகும். எடுவார்டை ஏர்பிரஷ் வந்தபின் வாங்குங்கள். போலந்தின் ஆர்மா ஹாபி தரும் 1/72 ஹரிகேன் மிக அழகு, பாகங்கள் மிகச் சிறிது.

எந்த வண்ணம்

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. ஒரே நிறம் நான்கு வகை வண்ணத்தில் கிடைக்கும், நான்கும் பிரஷ்ஷில் வேறு வேறாக நடந்துகொள்ளும்.

ஹம்ப்ரோல் போன்ற எனாமல் மெதுவாகக் காயும். அந்த மெதுவில் பிரஷ் தடம் தானாகவே இறங்கிச் சமமாகிவிடும். பழைய ஆட்கள் இன்றும் இதை விடாததற்கு அதுதான் காரணம். ஸ்பிட்ஃபயருக்கு 29, 30, 90 என்று மூன்று சின்ன டின், காக்பிட்டுக்கு 78. ஆனால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் முழு நாள் காத்திருக்க வேண்டும், டர்பன்டைன் வாசனை வீட்டில் இரண்டு நாள் நிற்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் யோசியுங்கள்.

தமியாவின் சின்னக் கண்ணாடிப் புட்டி பல கடைகளில் கண்ணில் படும். எக்ஸ்எஃப்-81 கரும்பச்சை, எக்ஸ்எஃப்-52 மண், எக்ஸ்எஃப்-21 ஸ்கை. ஏர்பிரஷ்ஷில் இதைப் போல் அடங்கி நடக்கும் வண்ணம் அபூர்வம். பிரஷ்ஷில் எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது கோட் போடும்போது முதல் கோட்டைக் கிளறி எடுத்துவிடும். புதிதாகத் தொடங்குபவர் தன் கைதான் மோசம் என்று நினைத்துக் கைவிடுவது பெரும்பாலும் இந்தப் புட்டியால்தான். தவறு கையில் இல்லை, அது ஆல்கஹால் சேர்ந்த வண்ணம், அதன் குணம் அப்படி.

வல்லெஹோ போன்ற தண்ணீர் வகை அக்ரிலிக்கைத்தான் என் மருமகனுக்குச் சொன்னேன். வாசனை இல்லை, பிரஷ்ஷைக் குழாயடியில் கழுவலாம், ஒரு மணி நேரத்தில் அடுத்த கோட். பிளாஸ்டிக்கை நேரடியாகப் பிடிக்காது என்பதால் முதலில் பிரைமர் (வண்ணம் பிடிக்க வைக்கும் அடிப்பூச்சு) கட்டாயம். இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது தோல் மாதிரி உரிந்து வரும்.

அடிக்கும் முறையைச் சொல்கிறேன். பழைய டப்பா மூடியில் நனைத்த டிஷ்யூவை வைத்து, அதன்மேல் கேக் செய்யும் பட்டர் பேப்பரை விரியுங்கள். வண்ணம் அதில் ஒரு மணி நேரம் காயாமல் கிடக்கும். இரண்டு சொட்டு வண்ணம், ஒரு சொட்டுத் தண்ணீர், பால் பதம். தட்டைப் பிரஷ்ஷை நனைத்து, துணியில் ஒருமுறை ஒற்றி, ஒரே திசையில் இழுங்கள். ஒருமுறை இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். முதல் கோட் பார்க்க மோசமாக இருக்கும், அடியிலுள்ள பிரைமர் வரிவரியாகத் தெரியும். பயப்பட வேண்டாம். இரண்டாவது கோட்டைக் குறுக்காக இழுங்கள். மூன்றாவதில் மூடிவிடும். முக்கியமானது, மின்விசிறியை நிறுத்துங்கள். விசிறிக் காற்றில் வண்ணம் பிரஷ்ஷிலேயே காய்ந்து உருண்டை உருண்டையாக ஒட்டும், தூசியும் வந்து உட்காரும். வியர்த்தால் வியர்க்கட்டும், பதினைந்து நிமிட வேலைதான்.

லேக்கர் வகைதான் மெல்லிய, உறுதியான படலம் தரும். மிஸ்டர் கலர் புட்டிகளை நான் ஏர்பிரஷ்ஷில் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதல். துணி மாஸ்க்கோ, தூசிக்குப் போடும் வெள்ளை மாஸ்க்கோ ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடியும் வெளியே காற்றை இழுக்கும் விசிறியும் வேண்டும். இரண்டும் இல்லாத அறையில் பள்ளிப் பையன் இதைத் திறக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஸ்ப்ரே கேன் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் நல்ல பலன் தரும், ஒரே நிறப் பரப்புக்கு மட்டும். எரியும் வாயு என்பதால் விமானத்தில் ஏற்றிப் பார்சல் அனுப்ப மாட்டார்கள், உள்ளூர்க் கடையிலோ தரைவழிப் பார்சலிலோதான் வாங்க முடியும். ஏர்பிரஷ் வாங்குவதென்றால் கம்ப்ரசரில் காற்றுத் தொட்டியும் ஈரம் வடிகட்டியும் உண்டா என்று கேட்டு, 0.3 மி.மீ. மூக்குள்ளதாக வாங்குங்கள். அந்தக் காசில் 1/72 பெட்டிகள் பல வாங்கலாம். மூன்று மாடல் முடித்தபின் இந்தப் பொழுதுபோக்கு உங்களோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும், அப்போது வாங்கினால் பணம் வீணாகாது.

எந்த வண்ணமானாலும் டீக்காலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்துவிடுங்கள். மந்தமான வண்ணம் நுண்ணளவில் கரடுமுரடு. அந்தக் குழிகளில் காற்று நின்று, டீக்காலின் தெளிவான ஓரம் வெள்ளி மாதிரி மின்னும். பளபளப்பின்மேல் ஒட்டி, மேலே மந்த வார்னிஷ் அடித்தால் சின்னம் வண்ணத்தோடு கலந்துவிடும். ஒரு புட்டி செலவு மிச்சம் என்று இதை விட்டவர்கள் எல்லோரும் அடுத்த மாடலுக்கு அதை வாங்கியிருக்கிறார்கள்.

அவனுக்கு நான் எழுதி அனுப்பிய பட்டியல் இது: ஏர்ஃபிக்ஸ் 1/72 ஸ்பிட்ஃபயர் மார்க் 1. சாம்பல் பிரைமர். தண்ணீர் வகையில் மண் பழுப்பு, கரும்பச்சை, ஸ்கை, காக்பிட் பச்சை, கறுப்பு. பளபளப்பு வார்னிஷ், மந்த வார்னிஷ். மெல்லிய திரவப் பசை, பாகங்களை வெட்டியெடுக்க நிப்பர், 400 முதல் 1,000 வரை உப்புத்தாள், நல்ல தட்டைப் பிரஷ் ஒன்று, நுனி பிரஷ் ஒன்று. அடுத்தது ஹரிகேன். வருகிற மாசியில் ஸ்ப்ரே கேனோடு ஸீரோ. மஸ்டாங் பெட்டியை வேண்டுமானால் இப்போதே வாங்கி அலமாரிமேல் வைத்துக்கொள்ளலாம், கெட்டுப்போகாது.

நேற்று இரவு போட்டோ அனுப்பினான். பழுப்பு முடிந்து, இடது இறக்கையில் பச்சை பாதி வந்திருக்கிறது. பென்சில் கோட்டை ஒட்டி ஓரம் நன்றாகவே கட்டியிருந்தான். "மாமா, கோடு கோடா தெரியுதே, அழிச்சிரட்டுமா?" என்று கேட்டான்.

"எத்தனாவது கோட்?"

"முதல் கோட்."

"ஃபேனைப் போடாம ஒரு மணி நேரம் விட்டுட்டு, குறுக்க இழு" என்றேன்.